பிரான்சுக்குக் கிளம்புகிறீர்களா: ஊர் சிம் முதல் வீட்டு பாக்ஸ் வரை

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிரான்ஸ் விசா வந்தால், இரண்டே நாளில் அந்த அம்மா என் வீட்டு வாசலில் நிற்பார். ஊறுகாய் எவ்வளவு கொண்டுபோகலாம், ஸ்வெட்டர் இங்கே வாங்குவதா அங்கேயா என்று தொடங்கி, கடைசியில் ஒரு கேள்வி: "போன உடனே எப்படிண்ணா எங்ககிட்ட பேசுவான்?"

"அங்க பெரியப்பா இருக்காரே, அவர் பார்த்துப்பார்" என்ற பதிலும் அவரிடமே இருக்கும். புதுச்சேரியில் இது சகஜம். 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா வீடுகள் என்று தேடினால் எல்லோருக்கும் பாரீஸ் பக்கம் ஒரு உறவு இருக்கும். அந்தப் பெரியப்பா பார்த்துக்கொள்ளத்தான் செய்வார். தன் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடுப்பார், தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பதினோரு வருஷம் பாரீஸ் புறநகரான சார்செல்லில் குடியிருந்தவன் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் விலை, வேகம் எல்லாம் அப்புறம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இங்கேயும் சரி, அங்கேயும் சரி.

கிளம்பும் முன்: ஊர் நம்பர்

உங்கள் கையில் இருக்கும் சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம்மைத்தான் நம்மில் பாதிப் பேர் வைத்திருக்கிறோம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போன் எண்ணையும் ஓடிபியையும் போட்டால், உங்கள் பெயரில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று காட்டும். கையில் உள்ள எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு நிறுவனத்தின் கடைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். சிம் தொலைந்தால் புது சிம் வாங்க, யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போய் நிற்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்ட அப்பாவை அதற்காக அலைய விட வேண்டாம்.

இதைப் பயணத்துக்கு முதல் நாள் செய்யாதீர்கள். பழைய சிம்மைக் கொடுத்துப் புது சிம் வாங்கினால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். வங்கி ஓடிபி எதுவும் வராது. குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

அடுத்து ரீசார்ஜ். அங்கே போனபின் ஊர் சிம்மில் டேட்டா தேவையே இல்லை. அது உயிரோடு இருந்து ஓடிபியை வாங்கிக்கொண்டால் போதும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. அத்தகைய பிளானின் கால அளவு 365 நாள் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. கடையில் கேட்டால் முதலில் டேட்டா பிளானைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "வாய்ஸ், எஸ்எம்எஸ் மட்டும், ஒரு வருஷத்துக்கு" என்று அழுத்திக் கேளுங்கள்.

கூடவே இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட வேண்டும். இதை மறந்தால் பாரீசில் இறங்கியதும் சிம் 'நோ சர்வீஸ்' என்று காட்டும், ஓடிபி வந்து சேராது. திறக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டா (பொதுவாக இருக்காது), வரும் அழைப்பை எடுத்தால் நிமிஷத்துக்கு எவ்வளவு (இதற்கு உண்டு), ரோமிங் எவ்வளவு நாளைக்குச் செல்லும். பிறகு போன் அமைப்பில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இரண்டு சிம் போட்ட போனில், ஒன்றில் சிக்னல் இல்லையென்றால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள். பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களில் பலர் அதில் ஏமாந்தவர்கள்தான்.

நான் முதல் வருஷம் இதில் எதையும் செய்யவில்லை. "அங்கே இருக்கும்போது இந்த நம்பருக்கு எதற்குக் காசு" என்று நினைத்தேன். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம், பிறகு அதை வேறொருவருக்கே கொடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என் பழைய எண்ணுக்கு நானே போட்டுப் பார்த்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எடுத்தார். "உங்க பேங்க்ல இருந்து தினம் மெசேஜ் வருது தம்பி, நான் அழிச்சிடுறேன்" என்றார். நல்ல மனுஷி. வங்கியில் எண்ணை மாற்ற, வந்த விடுமுறையில் நான்கு நாள் போனது. ஆதாரில் மாற்றியது தனிக் கதை.

ஊர் எண்ணை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே போன் உடைந்தால், சாதாரண சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுக்கொள்ளலாம். இ-சிம்மை மறுபடி இறக்குவதற்குச் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் கேட்பார்கள், அது அந்த உடைந்த போனிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஊர் எண் அட்டையில் இருக்கட்டும். பிரெஞ்சு எண்ணை இ-சிம்மாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் குடியேறியபின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அதைச் செய்யும்போதே, வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி அனுப்புவார்களா, பிரெஞ்சு எண்ணோடு யூபிஐ வேலை செய்யுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி பதில் மாறும். ஐஃபல் கோபுர டிக்கெட்டை யூபிஐயில் வாங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் பெரிதாகச் செய்தி வந்தது, உண்மைதான். தெருமுனை ரொட்டிக் கடையில் அதை நீட்டாதீர்கள்.

எந்தப் போனைக் கொண்டுபோவது

இங்கே விற்கும் பெரும்பாலான போன்கள் அங்கே வேலை செய்யும். ஆனால் வாங்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். பிரான்சில் கட்டடத்துக்குள்ளும் கிராமப்புறத்திலும் சிக்னல் தருவது 4ஜியின் 20ஆம், 28ஆம் அலைவரிசைகள், அதாவது 800, 700 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவுக்கென்றே செய்த சில விலை குறைந்த மாடல்களில் இவை இருக்காது. தெருவில் நின்றால் சிக்னல் இருக்கும், அறைக்குள் போனால் காணாமல் போகும். மாடலின் விவரப் பட்டியலில் 'பி20', 'பி28' இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

புதுப் போன் என்றால், விமானம் ஏறும் முன் இங்குள்ள சிம்மைப் போட்டுச் சில நிமிஷம் பேசிவிடுங்கள். முதல் முறை இந்தப் பகுதி சிம்மில்தான் இயங்க வேண்டும் என்று சில போன்களின் பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

தாத்தாவையும் அழைத்துப் போகிறீர்கள், அவர் பழைய பட்டன் போனை விடமாட்டேன் என்கிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு நிறுவனங்கள் 2026லிருந்து 2ஜியை மூடத் தொடங்குகின்றன, 3ஜியும் நிறுவனத்தைப் பொறுத்து 2028, 2029 முடிவுக்குள் போய்விடும். 4ஜியில் பேசும் வசதி உள்ள பட்டன் போனாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

இறங்கிய அன்று

சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் வைஃபை இலவசம். "வந்து சேர்ந்தேன்" என்று வாட்ஸ்அப்பில் அங்கிருந்தே சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பை ஊர் எண்ணிலேயே வைத்திருங்கள், மாற்றத் தேவையில்லை. துபாயில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு போகாதே என்று பயப்படுவார்கள். அது அந்த நாட்டுக் கட்டுப்பாடு, பிரான்சில் அப்படி ஒன்றும் இல்லை.

விமான நிலையக் கடையில் சுற்றுலாப் பயணி சிம் விற்பார்கள். வாங்காதீர்கள், விலை அதிகம். ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஏறினால் பாரீசின் கார் து நோர் ரயில் நிலையம் வந்துவிடும். வெளியே வந்து லா ஷப்பெல் பக்கம் நடந்தால், ஃபோபூர் சேன் தெனி தெருவில் இரண்டு பக்கமும் தமிழ்ப் பலகைகள். சேலைக் கடை, நகைக் கடை, காய்கறிக் கடை எல்லாம் பெரும்பாலும் ஈழத்தமிழர்களுடையவை. அங்கே லைக்கா மொபைல், லெபாரா ப்ரீபெய்ட் சிம் கிடைக்கும். லைக்காவை 2006ல் ஆரம்பித்தவர் அல்லிராஜா சுபாஸ்கரன். சினிமாத் தயாரிப்பாளராக நமக்குத் தெரிந்த அதே மனிதர்தான், சினிமாவுக்கு முன் அவரது தொழில் வெளிநாட்டுத் தமிழருக்கு மலிவாக ஊருக்குப் பேச வழி செய்தது. கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். "தம்பி எந்த இடம்?" என்பார். "பாண்டிச்சேரி" என்றால் ஒரு புன்சிரிப்பு வரும்.

பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கான பிளான் போதும். இந்த எண் தற்காலிகமானது என்றுதான் முதலில் நினைப்பீர்கள். ஆனால் வங்கி, வேலை, கல்லூரி என்று எல்லா இடத்திலும் இதைத்தான் எழுதிக் கொடுப்பீர்கள். அதனால் ரீசார்ஜ் தேதியைத் தவறவிடாதீர்கள். பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இதே எண்ணைக் கொண்டுபோகலாம்.

விளம்பரத்தைப் படிக்கக் கொஞ்சம் பிரெஞ்சு

அலியான்ஸ் ஃபிரான்சேஸ் பள்ளியில் ஆறு மாதம் பிரெஞ்சு படித்தவர்களுக்குக்கூட இந்த இடம் தடுக்கும். ஆங்கிலம் மாதிரித் தெரிந்து வேறு அர்த்தம் தரும் சொற்கள் இவை. விளம்பரத்தில் 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஜி, ஓ என்று இரண்டு எழுத்து இருக்கும். 'போ' என்று படித்துவிடாதீர்கள், அது நம் ஜிபிதான். எம், ஓ என்றால் எம்பி. 'தெபி' என்றால் வங்கியில் பணம் எடுப்பது என்று தோன்றும். நெட் கடையில் அதற்கு வேகம் என்று பொருள். பணம் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போவதற்குப் பெயர் 'ப்ரெலெவ்மான்'. 'லொக்காசியோன்' இடம் அல்ல, வாடகை. பில்லில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஒரு தொகை இருந்தால் ரௌட்டர் பெட்டிக்கு வாடகை வாங்குகிறார்கள் என்று அர்த்தம். 'ஃபோர்ஃபே' என்றால் பிளான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'ஆங்காஜ்மான்'. நிச்சயதார்த்தம் அல்ல, இத்தனை மாதம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தக் கட்டு. 24 மாதம் என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட கல்யாணம்தான். 'சான் ஆங்காஜ்மான்' என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். கட்டு இல்லாதது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். புதிதாக வந்தவர் முதல் வருஷம் இதைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

வங்கிக் கணக்கு வந்த பிறகு

வங்கியில் 'ரிப்' என்று ஒரு தாள் தருவார்கள், அதில் உங்கள் ஐபான், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண் இருக்கும். அது கையில் வந்ததும் ப்ரீபெய்டிலிருந்து மாதப் பிளானுக்கு மாறலாம். பணம் குறையும், டேட்டா கூடும்.

வலைப்பின்னல் சொந்தமாக வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: ஆரஞ்ச், எஸ்எஃப்ஆர், புயிக், ஃப்ரீ. இதில் ஃப்ரீ கடைசியாக, 2012 ஜனவரியில் மொபைல் சேவைக்கு வந்தது. மாதம் 2 யூரோவுக்கு ஒரு பிளான், 19.99 யூரோவுக்கு ஒரு பிளான் என்று அறிவித்ததும் மற்ற மூவரும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பிரான்சில் மொபைல் மலிவாக இருப்பதற்கு அந்தப் போட்டி ஒரு காரணம். மற்ற மூன்றும் தங்கள் மலிவுப் பிளான்களை வேறு பெயரில் இணையத்தில் விற்கின்றன: ஆரஞ்சுக்கு சோஷ், எஸ்எஃப்ஆருக்கு ரெட், புயிக்குக்கு பி அண்ட் யூ. அதே கோபுரங்கள்தான், கடையும் காத்திருக்கும் நாற்காலியும் மட்டும் கிடையாது. அறையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பக்கத்து அறைக்காரர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது.

இணைய வங்கிகளில் கணக்குத் திறந்தால் ஐபான் ஜெர்மனி அல்லது லித்துவேனியா எண்ணாக இருக்கலாம். "பிரெஞ்சு ஐபான்தான் வேண்டும்" என்று யாராவது மறுத்தால், யூரோ பணப் பரிமாற்றத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு செப்பா விதி அதை அனுமதிப்பதில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் முறை சுலபம். இப்போதைய எண்ணிலிருந்து 3179 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 'ரியோ' என்ற ஒரு குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும். புது நிறுவனத்தில் பதியும்போது அதைக் கொடுத்தால் போதும், பழைய ஒப்பந்தத்தை அவர்களே முடித்துவிடுவார்கள். நீங்களாக முன்கூட்டியே ரத்து செய்யாதீர்கள், எண் போய்விடும்.

இந்த இடத்தில்தான் பெரியப்பா சிம் தலைவலி ஆகும். ஒப்பந்தம் அவர் பெயரில் என்றால் எண்ணும் சட்டப்படி அவருடையது. மாற்றுவதற்கு முன் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு அவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், அவருக்கு நேரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போய், பிரியாணி முடிந்தபின் இதைக் கேட்க முடியாமல் மூன்று மாதம் தள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

பிரெஞ்சு சிம்மை ஜெர்மனியிலோ இத்தாலியிலோ அதே பிளானில் பயன்படுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணம் 2017 ஜூன் 15 முதல் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஜெனீவா அத்தை வீட்டுக்குப் போகும் ரயிலில் எல்லை தாண்டும் முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஊருக்கு விடுமுறையில் வரும்போதும் இதேதான்.

வீட்டுக்கு 'பாக்ஸ்'

நாம் ரௌட்டர் என்பதை அங்கே எல்லோரும் 'பாக்ஸ்' என்பார்கள். மாணவர் விடுதியில் அறை கிடைத்திருந்தால் வைஃபை பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும், இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தனி வீடு பிடித்தவர்கள் கவனியுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த முகவரிக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்செப் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் வரைபடம் இருக்கிறது, முகவரியைப் போட்டால் தெரியும். பழைய செம்புக் கம்பி வலைப்பின்னலை 2030க்குள் முழுவதும் மூடப்போகிறார்கள். அதனால் "ஃபைபர் இல்லை, போன் லைன் இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை நம்பி நீண்ட காலத் திட்டம் போட வேண்டாம். ஃபைபர் இல்லாத இடத்துக்கு 4ஜி, 5ஜி சிம் போட்ட பாக்ஸ் கிடைக்கும். மின்சாரத்தில் செருகினால் வேலை முடிந்தது. குறுகிய காலம் தங்குபவர்களுக்கும் அதுவே நல்லது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரில் ஃபைபர் இழை வந்து முடியும் சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள், பொதுவாகக் கூடத்தில், தரையை ஒட்டி இருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்குப் பதியும்போது அந்த எண்ணையும், முன்பு குடியிருந்தவர் பெயரையும் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். எண் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? மாடிப்படிக் கீழே இருக்கும் பொதுப் பெட்டியில் எது உங்கள் இழை என்று தெரியாமல், வந்தவர் பக்கத்து வீட்டு இழையைப் பிடுங்கி உங்களுக்குச் செருகிவிட்டுப் போவார். உங்களுக்கு நெட் வரும், பக்கத்து வீட்டில் போகும். ஒரு வாரம் கழித்து அவர்கள் வரச்சொன்ன ஆள் வந்து அதையே திருப்பிச் செய்வார். எங்கள் கட்டடத்தில் இந்த விளையாட்டு ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. அதன் பயனாக, எதிர் வீட்டு அல்ஜீரியப் பாட்டியும் நாங்களும் நெருங்கிவிட்டோம்.

பெட்டி இல்லையென்றால் புதிதாக இழை இழுக்க வேண்டும், வீட்டுக்காரருக்கு எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். டெக்னீசியன் வரும் நேரம் 'காலை 8 முதல் 10' என்பது போல இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் இல்லையென்றால் அடுத்த தேதிக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். அழைப்பு மணியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கட்டும். அந்த ஊரில் கதவு எண் சொன்னால் யாருக்கும் தெரியாது, பெயர்தான்.

விலையைப் பார்க்கும்போது பெரிய எழுத்தை விட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருஷ விலை, பதின்மூன்றாம் மாதத்திலிருந்து ஏறும். ஆரம்பக் கட்டணம், விலகும் கட்டணம் இரண்டும் தனித்தனியாக 50 யூரோவை ஒட்டி இருக்கலாம். டிவி சேர்ந்த பிளானை வாங்கிவிட்டு அதை ஒரு தடவைகூடப் போடாதவர்கள் நிறைய. தமிழ்ச் சேனல் அதில் வருமா என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

தெரியாமல் 24 மாதக் கட்டில் மாட்டியிருந்தால், 12 மாதம் முடிந்தபின் மீதித் தொகையில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வெளியே வரலாம். ஷத்தெல் என்ற சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. மாதம் 30 யூரோ, 14ஆம் மாதம் விலகுகிறீர்கள் என்றால் மீதி 10 மாதத்துக்கு 300, அதில் ஐந்தில் ஒரு பங்கு 60 யூரோ. இன்னொரு உரிமை: இணையத்திலோ, போனிலோ, வீட்டு வாசலில் வந்து விற்றவரிடமோ வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம். நீங்களே கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 14 நாள் கிடையாது. கடையில் சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சில் எதற்குப் போனாலும் முகவரிச் சான்று கேட்பார்கள், 'ஜுஸ்திஃபிகாதிஃப் த தொமிசில்'. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் பிரெஃபெக்த்யூர் என்ற அரசு அலுவலகத்துக்குப் போகும்போது மின்சாரம், எரிவாயு, தண்ணீர், வீட்டுத் தொலைபேசி, வீட்டு இணையம், இவற்றில் ஏதாவது ஒன்றின் சமீபத்திய பில் செல்லும். அந்தப் பட்டியலில் மொபைல் பில் இல்லை. மின்சார பில் நண்பன் பெயரில், இணைய பில் இன்னொரு நண்பன் பெயரில், நீங்கள் மூன்றாம் ஆளாகப் பங்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் நீங்கள் இருப்பதற்கே அத்தாட்சி இல்லை. பிறகு, நீங்கள் தன் வீட்டில் இருப்பதாக நண்பன் எழுதித் தரும் 'அத்தெஸ்தாசியோன்' கடிதம், அவன் அடையாள அட்டை, அவன் பில் என்று ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டும். மூன்று பேர் சேர்ந்து இருந்தால் இணையத்தை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள், மின்சாரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். மாதம் 30 யூரோவில் கிடைக்கும் மிகப் பயனுள்ள தாள் அது.

பெயர் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான். புதுப் படத்தை டோரன்டில் இறக்கும் நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதைக் கண்காணிக்க 2009லேயே அதோபி என்ற அமைப்பு வந்தது, 2022லிருந்து அது ஆர்கோம் என்ற அமைப்போடு சேர்ந்துவிட்டது. எச்சரிக்கை, யார் இறக்கினாரோ அவருக்குப் போகாது, இணைப்பு யார் பெயரிலோ அவருக்குத்தான் போகும். பெரியப்பா வீட்டு வைஃபையில் செய்துவிட்டு, அந்த எச்சரிக்கை அவர் பெயருக்கு வந்த வீட்டில் நானும் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன்.

சேவை கெட்டு, நிறுவனம் பதிலே தரவில்லையென்றால் ஆர்செப் நடத்தும் 'ஜலெர்த் லார்செப்' தளத்தில் பதியலாம். வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைக்கும்போது 08ல் தொடங்கும் எண்ணின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை இலவசம், சாம்பல் சாதாரணக் கட்டணம், ஊதா என்றால் காசு பிடுங்கும்.

இந்தப் பக்கத்து வீடு

அங்கே எவ்வளவு வேகமான ஃபைபர் இருந்தாலும், இங்கே அம்மா கையில் இருப்பது தினம் ஒன்றரை ஜிபி பிளான் என்றால் வீடியோ நின்று நின்றுதான் வரும். கிளம்பும் முன் புதுச்சேரி வீட்டுக்கும் ஒரு இணைப்பைப் போட்டுவிடுங்கள். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், தெருக் கேபிள்காரர், யாராக இருந்தாலும் சரி. கூப்பிட்டால் வரும் லைன்மேன் யார், அவர் எண் என்ன என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அந்த எண்ணை நீங்களும் வைத்திருங்கள்.

ரௌட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கிடைக்கும், கட்டாயம் வாங்கிப் போடுங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போய், "பிள்ளை பேசிக்கிட்டே இருந்தான், கட்டாயிடுச்சு" என்று அம்மா பதறுவார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பிரான்சில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இங்கே வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. அதற்காக இரண்டு ஏற்பாடு: வீட்டில் அப்பா போன் ஒரு நிறுவனம், அம்மா போன் வேறு நிறுவனம் என்று இருக்கட்டும். மாடி வீட்டில் இருக்கும் அக்கம்பக்கத்தார் ஒருவர் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும்.

நேரம்: கோடையில் நாம் பிரான்சைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் பேச நல்ல நேரம், இங்கே மாலைக் காபி முடிந்திருக்கும்.

வீடு மாறும்போது, நாடு திரும்பும்போது

வீடு மாறினால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், புது வீட்டிலும் டெக்னீசியன் தேதி வாங்க வேண்டும். மொத்தமாக விலகுவதென்றால், 2023 ஜூன் முதல் நிறுவனத்தின் தளத்திலேயே ரத்து செய்யும் பொத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை அழுத்தியபின் அல்லது பதிவுத் தபால் அவர்கள் கைக்குப் போனபின் 10 நாளில் ஒப்பந்தம் முடியும். வங்கிக் கணக்கை அதற்கு முன் மூடாதீர்கள். கடைசி பில் அதிலிருந்து போனபிறகுதான் மூட வேண்டும். வெளிநாடு போவதைப் பல ஒப்பந்தங்கள் நியாயமான காரணமாக ஏற்கின்றன. கட்டுக் காலம் மீதம் இருந்தாலும் விமான டிக்கெட், இங்குள்ள முகவரிச் சான்று இவற்றை இணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பாக்ஸ் உங்களுடையது அல்ல, திருப்பித் தர வேண்டும். மின்சார அடாப்டர், ரிமோட், கேபிள் எல்லாம் சேர்த்து. நான் திரும்பும்போது பெட்டியை மட்டும் கட்டி, கடையில் விட்டுவிட்டு, ரசீது வாங்காமல் வந்துவிட்டேன். அடாப்டர் வரவில்லை, பெட்டியே வரவில்லை என்று மாறி மாறி மெயில் வந்து, கடைசியில் நூறு யூரோவுக்கு மேல் போனது. நீங்கள் பார்சல் கட்டும்போது உள்ளே என்னென்ன வைத்தீர்கள் என்று ஒரு படம், மேலே ஒட்டிய சீட்டு தெரிய ஒரு படம் எடுங்கள். கடைக்காரர் தரும் ரசீதை வாங்கி, பாஸ்போர்ட் உறையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.